கற்பூரம் சுட்ட கை

மூக்கண்டப்பள்ளியில் திம்மராயன் மெஸ்ஸுக்கு யாரும் குழம்புக்காக வருவதில்லை. குழம்பு அந்த லட்சணம். கல்லில் வேகும் தோசையை அவர் கரண்டியே இல்லாமல் வெறுங்கையால் புரட்டிப் போடுவதைப் பார்க்கத்தான் வருவார்கள். ஆயுத பூஜையன்று கிரைண்டருக்கும் அடுப்புக்கும் மாலை போட்டு, உள்ளங்கையிலேயே கற்பூரம் ஏற்றிக் காட்டுவார். ஷிப்டு முடிந்து வந்த கம்பெனிப் பையன்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அம்மன் அருள் என்று எல்லோரும் நம்பினார்கள். மற்றவர்கள் நம்பும்போது திம்மராயன் மட்டும் நம்பாமல் இருப்பாரா? கற்பூரத்தை எப்போதும் சுண்டுவிரல் பக்கமாகவே வைப்பார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்த சுகாதாரப் பணியாளர் பிரவீனாவுக்கு இந்த அருள் பிடிபடவில்லை. திம்மராயனின் முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று கண்ணில் பட்டது.

"அண்ணா, கண்ண மூடிக்கிங்க. பேனா நுனியால தொடுவேன். தொட்ட எடத்த வெரலால காட்டுங்க."

திம்மராயன் எல்லாவற்றையும் சரியாகக் காட்டினார்.

"ஒத்தக் கண்ணத் தொறந்து பாக்கறாரும்மா!" என்று மனைவி வெங்கடம்மாள் போட்டுக் கொடுத்தாள். முந்தானையாலேயே அவர் கண்ணைக் கட்டினாள். பிரவீனா தேமலிலும் சுண்டுவிரலிலும் மாறி மாறித் தொட்டாள்.

"எப்பம்மா ஆரம்பிப்ப?" என்று கேட்டார் திம்மராயன்.

வெங்கடம்மாளின் சிரிப்பு நின்றுபோனது.

ஆஸ்பத்திரியில் தொழுநோய் என்றார்கள். திம்மராயனுக்குக் கை போவதைவிட மெஸ் போய்விடுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

"குஷ்டம்னு தெரிஞ்சா எவன் எங்கிட்ட சாப்புடுவான்?"

"மாத்திர ஆரம்பிச்சிட்டா அடுத்தவங்களுக்குப் பரவாதுண்ணா" என்றாள் பிரவீனா. "நரம்புக்கும் மருந்து குடுத்திருக்காங்க. உணர்ச்சி திரும்பி வரலாம், வராமலும் போவலாம். அதுவரைக்கும் சூட்டுல கைய வெக்காதீங்க."

மாத்திரைகள் கடுகு டப்பாவுக்குள் ஒளிந்தன. முதல் மாத்திரை போட்ட அன்றே, "ஒண்ணுக்கு ரத்தமா போவுதுடி!" என்று பாத்ரூமிலிருந்து அலறல் வந்தது. "அது மாத்திர நெறங்க, ஊரக் கூட்டாதீங்க" என்று வெங்கடம்மாள் அடக்கினாள். அவர் தோசைக் கரண்டி பிடித்ததைப் பார்த்து, மாஸ்டருக்கு வயசாகிவிட்டது என்று பையன்கள் கிண்டல் செய்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார், பாவம்.

மாத்திரைகள் முடிந்து, மறுபடி ஆயுத பூஜை வந்தது. "மாஸ்டர், கைக் கற்பூரம்!" என்று திருமலை என்கிற வெல்டர் பையன் உசுப்பேற்றிவிட்டான். வெங்கடம்மாள் கண்ணாலேயே மிரட்டினாள். புகழுக்கு மயங்கிய மனுஷன் கேட்பாரா? பழைய இடத்திலேயே கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார்.

"ஐயோ!"

கற்பூரம் பறந்து போய்த் திருமலையின் சாம்பாருக்குள் விழுந்து அணைந்தது.

"என்னா மாஸ்டர், அம்மன் கைவிட்டுட்டாளா?" என்றான் அவன், இலையைப் பார்த்தபடி.

திம்மராயன் கையை உதறிக்கொண்டு குதித்தார். "சுடுதுடி வெங்கடம்மா! சுண்டுவெரலு சுடுதுடி!"

பையன்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வெங்கடம்மாளுக்குப் புரிந்தது; அழுகையும் சிரிப்புமாகச் சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இருடி. இன்னுங் கொஞ்ச நேரம் சுடட்டும்."