கயிறு பிடித்தவள்

கோணல் எழுத்தை முதலே பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். வருசங்கள் முன்பின்னாக வரும், மறதியும் கூடிவிட்டது. ஆனால் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் ஐந்து புத்தகங்களைப் பற்றி மட்டும் எனக்கு மறதி இல்லை. சீமெந்துப் பேப்பரில் உறை போட்டவை. மாப்பசை காய்ச்சி, மூலை மடித்து, அந்த உறைகளை ஒட்டியது நான்தான். ஒட்டியபோது ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

அவை தங்கச்சியின் புத்தகங்கள். அவளைப் பெற்ற கையோடு அம்மா கண்ணை மூடிவிட்டா. எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் போனது போதும், பிள்ளையைப் பார் என்று எங்களைப் பெற்ற ஐயா சொன்னார். பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில், கரம்பொனில் எங்கள் வளவில் அவள் வளர்ந்தது என் இடுப்பில்தான்.

எண்பத்து மூன்று, எண்பத்து நாலு வாக்கில் அந்தக் கதை எங்கள் பக்கத்துப் பெட்டைப் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டியது. வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுதிய மாயக் கதை, ஆறு பாகம். ரீச்சர்மார் புகழ்ந்தார்கள். பெட்டைகள் நூலகத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தார்கள். ஐயா புகையிலை விசயமாக யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பாகம் வாங்கி வருவார். எனக்குத் தையல் நூல். சாட்டிக் கடலுக்குக் குளிக்கப் போன அன்றும் அவள் தண்ணியில் கால் வைக்கவில்லை, நிழலில் குந்தியிருந்து நாலாம் பாகம் வாசித்தாள். பக்கத்து வளவு மச்சாள், "உன்ரை தங்கச்சி புத்தகத்தைச் சோத்தோடை குழைச்சுத் தின்னுறாளடி, நீ கறி வைக்கிறது வீண்" என்று பகிடி பண்ணுவா.

ஒருநாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு கேட்டேன்.

"அப்பிடி என்ன பிள்ளை அதுக்குள்ளை? எனக்கும் ஒருக்காச் சொல்லன்."

அவள் தலை நிமிர்த்தவில்லை. "ஐயோ அக்கா, அது உங்களுக்கு விளங்காது."

கோபத்தில் சொல்லவில்லை. வெளியில் மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். அதுதான் உள்ளே போய் இருந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் கேட்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. விளங்காது என்று நானும் நம்பிவிட்டேன்.

எண்பத்தெட்டில் கனடாவில் இருந்த மாப்பிள்ளைக்குப் பேசி அவளை அனுப்பினோம். பயணத்தில் வாசிக்க ஆறாம் பாகத்தை மட்டும் கைப்பையில் வைத்தாள். "மற்றதுகளைப் பத்திரமா வைச்சிருங்கோ அக்கா. ஒரு வருசத்துக்குள்ளை உங்களையும் ஐயாவையும் கூப்பிடுவன்." "ஓம், வைச்சிருக்கிறன்" என்றேன்.

இரண்டு வருசத்தில் சண்டை வந்து, தீவுகளை விட்டுச் சனம் ஓடியது. ஐயாவுக்கு நடக்க ஏலாது. ஒரு கையில் ஐயா, மற்றக் கையில் புத்தகப் பை. "அரிசியை எடு பிள்ளை, கடதாசியை ஆர் தின்னுறது?" என்று ஐயா கத்தினார். அவளுக்கு ஓம் சொல்லியிருந்தேனே. அரிசியும் என் தையல் மெசினும் வீட்டில் நின்றன. ஐயா நாலு நாள் ஊரார் வார்த்த கஞ்சியைக் குடித்தார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையின் மூலையில் இருந்தோம். அடுத்த மாரி முடிய முன்னம் ஐயா போய்விட்டார். மெசின் இல்லை, கைக்கு வேலை இல்லை. ஒரு பின்னேரம் முதலாம் பாகத்தைத் திறந்தேன். முதலில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். பத்துப் பக்கம் போக விரல் தேவைப்படவில்லை. விளங்காத சொல் ஒன்றும் இல்லை. இதற்கா ஏழு வருசம் பயந்திருந்தேன் என்று சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

கதை இதுதான். கடலுக்கடியில் ஒளித்து வைத்த வெளிச்சத்தை மீட்க ஒரு பெட்டை போகிறாள். கடல் வழிவிட வேண்டுமென்றால் கரையில் ஒருவர் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். கை விட்டால் கடல் மூடிவிடும். பிடிக்கிறவள் அவளுடைய அக்கா. முதலாம் பாகத்தின் கடைசியில், முழங்கால் தண்ணியில் நின்று, "நீ போ, நான் நிற்கிறேன்" என்கிறாள். பிறகு பெட்டை திருக்கை மீனில் ஏறிப் பறக்கிறாள், அரக்கர்களை வெல்கிறாள், விருந்து உண்கிறாள். நான் பக்கத்துக்குப் பக்கம் அக்காவைத் தேடினேன். ஐந்தாம் பாகம் முடியப் பெட்டைக்கு முடிசூட்டு ஆயத்தம் நடக்கிறது, கயிற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடல் மூடவில்லை. அப்படியென்றால் அவள் இன்னும் நிற்கிறாள்தானே? அத்தனை பேர் புகழ்ந்தார்களே, ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லையா? எல்லாரும் போனவளோடேயே போய்விட்டார்கள்.

தங்கச்சிக்குக் கடிதம் எழுதினேன். "ஆறாம் பாகத்திலை அவள் திரும்பி வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போறாளோ? அதை மட்டும் எழுது." கூப்பிடுவன் என்று சொன்னதைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுமொழி வர ஐந்து மாதம். பிள்ளைகளின் படம், பனி, புது வீடு. கடைசியில் இரண்டு வரி: "அந்தக் கதையிலை அக்கா எண்டு ஒருத்தி வந்தவளோ? எனக்கு அப்பிடி ஒரு ஆள் நினைவில்லை, புத்தகமும் எங்கையோ துலைஞ்சு போச்சு. நீங்கள் அதெல்லாம் வாசிக்கிறியளோ அக்கா, நல்லது."

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் வெளிக்கிட்டபோதும் அந்தப் பையைத் தூக்கினேன். ஏன் என்று என்னைக் கேட்காதேங்கோ. இப்போது கரம்பொனில் பழைய வளவில் தனியே இருக்கிறேன். கறையான் பிடிக்காமல் வருசத்துக்கு ஒருக்கா ஐந்தையும் வெயிலில் காயவைத்து எடுக்கிறேன். பக்கத்தில் ஒரு புத்தகத்துக்கு இடமும் விட்டிருக்கிறேன்.

நான் எழுதிய வருசங்கள் பிழையாக இருக்கலாம், தெரிந்தவர்கள் திருத்துங்கள். யாரிடமாவது அந்த ஆறாம் பாகம் இருந்தால், முடிசூட்டுகிற பக்கங்களை விட்டுவிடுங்கள். கரையைப் பற்றி எங்காவது ஒரு வரி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.