காலையில் சாய்கிற பேருந்து

ஓட்டுநர் இருபத்திரண்டு வருடம் பட்டை ஸ்பிரிங் வண்டிகளை ஓட்டியவர். சாலையில் பள்ளம் வந்தால் அவர் இடுப்பு சொல்லிவிடும். புதிதாகக் கொடுத்த பேருந்திலோ ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் காற்றுப்பைகள். பள்ளம் வந்ததே தெரியவில்லை. அவ்வளவு சொகுசில் அவருக்கு நிம்மதி போயிற்று.

போதாததற்கு, தினமும் காலையில் வண்டி பின்னால் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. உடனே கிளப்பி, பணிமனையின் மறுகோடியில் இருந்த மெக்கானிக்கின் கொட்டகைக்கு ஓட்டிப் போவார். இறங்கிப் பார்த்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும்.

“எங்கண்ணே சாஞ்சிருக்கு?”

“இப்பத்தான்யா சாஞ்சிருந்துச்சு!”

“அப்போ என்னைப் பாத்ததும் மரியாதையா எழுந்து நின்னுடுச்சாக்கும்.”

ஐந்து நாள் புகார் எழுதினார். ஐந்து நாளும் அதன் கீழே மெக்கானிக் ‘பழுதில்லை’ என்று எழுதினார். ஆறாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமைக்குள்ள கண் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா இனிமே ஸ்டியரிங் கிடையாது, பஸ் ஸ்டாண்டு விசாரணை ஜன்னல்ல உக்காந்து நேரம் சொல்ற வேலைதான்.”

அன்று வீட்டில் அலமாரி சாய்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஒரு காலுக்கு அட்டை கொடுத்தார். அதன் பிறகு அது உண்மையிலேயே சாய்ந்தது.

மனைவி அட்டையை உருவிப் போட்டாள். “ஏங்க, அந்த மெக்கானிக்குக்குக் கால் இல்லையா? வண்டி நிக்கிற இடத்துக்கே வரச் சொல்ல வேண்டியதுதானே?”

“வேலையா இருக்கிற மனுஷன், எதுக்கு அலைய விடணும்னுதான்...”

மறுநாள் சாவியைத் தொடாமல் ஆளைக் கூப்பிட்டார். டீ டம்ளரோடு வந்த மெக்கானிக், வண்டியைப் பார்த்ததும் குடிக்க மறந்தார். சோப்பு நீரைத் தெளிக்க, இடது பையின் மடிப்பில் குமிழ்கள் கிளம்பின.

“அச்சுக்கும் பாடிக்கும் நடுவுல இந்தப் பைதாண்ணே தாங்குது. பாடி தாழ்ந்தா இந்தக் குட்டிக் கம்பி மேல போய் வால்வைத் தொறக்கும், காத்து உள்ள போகும். உயரம் சரியானதும் மூடிக்கும். ஆனா காத்து அடைக்கிறது இன்ஜின். அது ஓடாம நிக்கிறப்போ கசிஞ்சு கசிஞ்சு ஒரு பக்கம் உக்காந்துடுது. நீங்க கிளப்பினதும் ரொம்பி எழுந்துடுது. நோயாளியைக் குணமாக்கிட்டுல்ல என்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கீங்க!”

பை மாறியது. டாக்டர் வேண்டாம், நீங்களே ஓட்டுங்கள் என்றார் மேலாளர்.

அடுத்த காலை வண்டி நேராக நின்றது. ஓட்டுநர் மூன்று முறை சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், தள்ளி நின்றும் பார்த்தார். இப்போது லேசாக வலப்பக்கம் சாய்ந்திருப்பது போல இருந்தது. புகார்ப் பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, திரும்ப மூடினார்.

வெள்ளிக்கிழமை, யாரும் சொல்லாமலே, கண் டாக்டரிடம் போய் வரிசையில் உட்கார்ந்தார்.