சண்முகவடிவுக்குக் கிடைத்த நாற்பத்தொன்று

சண்முகவடிவு பிறந்தது கொத்மலைப் பக்கம், சிங்களக் கிராமம் ஒன்றை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில். அதனால் சிங்களம் அவளுக்குத் தமிழைப் போலவே வரும். சங்கீதப் பரீட்சையில் ஐந்தாம் தரம் வரை முடித்துவிட்டு, ஹட்டனில் வீடு வீடாகப் போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். முப்பத்தொரு வயதில் அவளிடம் ஏழு மாணவர்கள்தான் மிஞ்சியிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிப் பரீட்சை நெருங்கினால் பெற்றோர் முதலில் நிறுத்துவது பாட்டு வகுப்பைத்தான். இதை நம்பி இனிக் காலம் தள்ள முடியாது என்று, டவுனில் ஒரு தனியார் கல்லூரி நடத்திய தாதியர் அறிமுக வகுப்பில் சேர்ந்தாள். சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை வகுப்பு. தமிழில் நடக்கும் என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பாடம் நடத்தக் கண்டியிலிருந்து வந்தவர் குசும் மிஸ். ஓய்வுபெற்ற தாதி, நல்ல மனுஷி. ஆனால் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது; பாடம் முழுக்கச் சிங்களத்தில். முதல் நாள் அரை மணி நேரம் போனதும், பக்கத்தில் இருந்த பத்தொன்பது வயது நிலக்ஷி சண்முகவடிவை முழங்கையால் இடித்தாள்.

"அக்கா, மிஸ் என்னா சொல்றாங்க?"

சண்முகவடிவு மெதுவாகச் சொன்னாள். பின் வரிசையிலிருந்து, "எங்களுக்கும் கேக்குற மாதிரி சத்தமா சொல்லுங்கக்கா" என்றார்கள். இடைவேளைக்குள் அவள் எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை, மிஸ்ஸே அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு அவள் உட்காரவேயில்லை. மிஸ் ஒரு வசனம், இவள் ஒரு வசனம். மற்ற இருபத்தொரு பேரும் குனிந்து எழுதினார்கள். அவளுடைய கொப்பியில் தேதி மட்டும் இருந்தது. இரத்த அழுத்தம் பார்க்கப் பழகிய நாளில்கூட, கையில் பட்டியை எங்கே சுற்றுவது, எப்போது காற்றை விடுவது என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று விளக்கினாள். அவள் முறை வருவதற்குள் நேரம் முடிந்து கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்வதால் ஒரு மணிக்கு முடிய வேண்டிய வகுப்பு இரண்டரைக்கு முடிந்தது. இரண்டு மணிக்கு அவள் தனுஷிகா வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை பிந்திப் போனாள். நான்காவது வாரம் தனுஷிகாவின் அம்மா வாசலிலேயே நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். புள்ளைய கீபோர்ட் கிளாஸ்ல போட்டுட்டோம். அங்க நேரத்துக்குத் தொடங்கிடுறாங்க."

ஏழு பேரிலும் நன்றாகப் பாடுகிற பிள்ளை அவள்தான்.

இரண்டாம் மாத முடிவில் பரீட்சை வந்தது. நடத்தியவர்கள் வெளியிலிருந்து வந்த பரீட்சகர்கள்; வினாத்தாள் மட்டும் தமிழில். காதில் விழுந்து வாய் வழியாக வெளியே போன பாடம் மனதில் எங்கும் தங்கியிருக்கவில்லை. செய்முறையில் அவள் சுற்றிய பட்டி நழுவிக் கீழே விழுந்தது. மதிப்பெண் பட்டியல் ஒட்டியபோது நிலக்ஷிக்கு எழுபத்தெட்டு. சண்முகவடிவுக்கு நாற்பத்தொன்று. வகுப்பில் தவறியது அவள் ஒருத்திதான்.

நிலக்ஷி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "நீங்க சொன்னத அப்படியே எழுதினேன்க்கா. ஒங்களாலதான் பாஸானேன்."

அவளைத் திட்டவும் முடியவில்லை. சண்முகவடிவு கையை விடுவித்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போய், தமிழில் சொல்லித்தர ஆள் எங்கே என்று கேட்டாள். அங்கிருந்த பொறுப்பாளர் தலை நிமிராமலே பேசினார்.

"ஒத்தாசதானே செய்றீங்க? புண்ணியம். அடுத்த பேட்சுக்கு தமிழ் டீச்சர் பாக்குறோம்."

அடுத்த சனிக்கிழமை அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மிஸ் ஒரு வசனம் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். "அக்கா, எந்திரிங்க" என்று முன்னாலிருந்து ஒருத்தி கெஞ்சினாள். இன்னொருத்தி, "இப்ப மட்டும் என்னா வந்துச்சாம்?" என்று முணுமுணுத்தாள்.

மிஸ் அவளிடம் வந்து, உடம்புக்கு முடியவில்லையா என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை மிஸ். நானும் இங்கே படிக்கத்தான் வந்திருக்கிறேன். பரீட்சையில் தவறிவிட்டேன்" என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள்.

மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. "நீ மாணவியா? மொழிபெயர்க்கக் கல்லூரி வைத்த ஆள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!"

மிஸ் நேரே அலுவலக அறைக்குப் போனார். அவர் போட்ட சத்தம் கீழே மருந்துக்கடை வரை கேட்டதாம். அப்படியும் தமிழ் ஆசிரியர் வந்துவிடவில்லை. ஆனால் மிஸ் பாடம் தொடங்கியதும் தன் குறிப்புகளை அவளிடம் கொடுக்கலானார். அவள் முதலில் எழுதிக்கொள்வாள். எழுதி முடித்த பிறகுதான் வாய் திறப்பாள். மற்றவர்கள் பொறுமையில்லாமல் பேனாவைத் தட்டினார்கள். தட்டட்டும் என்று இருந்துவிட்டாள். வகுப்பு முடிந்த பின் மிஸ் தன் கையையே நீட்டி, பட்டியைச் சுற்றவும் பழக்கினார். மறு பரீட்சையில் அறுபத்துநான்கு வந்தது.

சான்றிதழ் வாங்கப் போன அன்று பொறுப்பாளர் சிரித்த முகத்துடன் நாற்காலி காட்டினார். "புது பேட்ச் நாளைக்குத் தொடங்குது. முதல் நாள் மட்டும் வந்து நின்னீங்கன்னா..."

"தமிழ் டீச்சர்?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்."

"நான் வர மாட்டேங்க" என்று சான்றிதழை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

டிக்கோயா பஸ் கூட்டமாக வந்தது. கடைசியில் பாட்டு வகுப்புக்குப் பத்து நிமிடம் பிந்திவிட்டது. அந்த வீட்டுச் சிறுமி முதல் சரளி வரிசையிலேயே ஒரு ஸ்வரத்தைத் தவறவிட, சண்முகவடிவு மேசையில் ஓங்கித் தட்டினாள். பிள்ளை மிரண்டு போய்ப் பார்த்தது. அந்தக் கோபம் பிள்ளை மேல் இல்லை, பொறுப்பாளர் மேல் என்று அவளுக்குத் தெரியும்.

"பரவாயில்லம்மா, திருப்பிப் பாடு" என்றாள்.