குவார்ட்டர்ஸ் யார் பேரில்?

கெடிலக் கரையில் கோயில் கொண்டு, அடியாரின் உடல்நோவுக்கு இரங்கிய அதிகைப் பெருமானின் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன். இன்று ஆனி உத்திரம். எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பின் நடராசர் சந்நிதியில் திருமஞ்சனம் கண்டு வந்து எழுத அமர்ந்திருக்கிறேன். குடும்ப ஆலோசனைப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்கள், தங்களுக்குப் பயன்படும்படி ஒரு வழக்கையாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஃபர்ஸ்ட் ஷிப்ட்

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில் நெய்வேலியில் ஓர் ஆலோசனை மையத்தில் நான் பணியாற்றினேன். வரும் பெண்ணிடம் பெயரைக் கேட்பதற்கு முன், கணவருக்கு எந்த ஷிப்ட் என்று கேட்பது எங்கள் வழக்கம். அவர் சுரங்கத்தில் இருக்கும் நேரமே அவளுக்குப் பேசக் கிடைத்த நேரம். நாங்கள் தொலைபேசியில் அழைப்பதும் அந்நேரம் பார்த்துத்தான்.

கலைச்செல்வி வந்த காலையிலும் அதையே கேட்டேன்.

"ஃபர்ஸ்ட் ஷிப்டுங்கம்மா. மதியம் அவரு வர்ற பஸ்ஸுக்குள்ள வூட்டுக்குப் போயிடணும்."

வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. முதல்நாளே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாள்; அங்கே என்ன சொன்னாள் என்று விசாரித்தேன்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன்."

"வழுக்கியா விழுந்தீங்க?"

"அவரு தள்ளுனாரு, நான் விழுந்தேன். விழுந்தது நெசந்தானம்மா?" சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

காடாம்புலியூர்ப் பெண். கணவர் சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர், பெர்மனென்ட். மூத்த மகள் டவுன்ஷிப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அடி பல ஆண்டுப் பழக்கம். ஆனால் அவள் வாயைக் கட்டியிருந்தது வேறொன்று.

"அவரு குவாட்டர்ஸ்ல இருந்துகினு அவரு மேலயே எப்பிடிம்மா கேஸு குடுக்கறது? வாயத் தெறந்தா சரண்டர் பண்ணிடுவேன்றாரு. அவரு பேச்சிலர் ஹாஸ்டலுக்குப் போயிடுவாராம். நான் பசங்கள இட்டுகினு எங்க ஊர்ல போயி முந்திரிக்கொட்ட ஒடைக்கணுமாம்."

ஒதுக்கப்பட்ட வீட்டை நிர்வாகத்திடம் திருப்பித் தருவதைத்தான் இங்கே 'சரண்டர்' என்பார்கள். குவார்ட்டர்ஸ் யார் பேரிலோ வீடும் அவருடையதே என்று அநேகமாக டவுன்ஷிப் முழுவதுமே நம்பியிருந்தது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கணவனோடு சேர்ந்து குடியிருந்த வீடு எவர் பேரில் இருந்தாலும் அதில் தொடர்ந்து வாழ மனைவிக்கு உரிமை உண்டு. அடிக்காதே என்று தடுக்கவும், கோர்ட் அனுமதியில்லாமல் வீட்டை விட்டுக்கொடுக்காதே என்று தடுக்கவும், தேவையானால் அவரையே வெளியேறச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. பெண்ணுக்கு வழக்கறிஞரை இலவசமாகவே ஏற்படுத்தித் தருவார்கள்.

"கம்பெனி வூடும்மா அது," என்றாள், நான் சொல்லி முடித்த பிறகும்.

"ஆமா. நீங்க குடியிருக்கற வீடும் அதுதான்."

அன்றே அவளை மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மருத்துவரிடம் அவளே உண்மையைச் சொன்னாள், அது பதிவாயிற்று. வழக்கு வேண்டுமா என்ற முடிவை அவளிடமே விட்டேன். ஏற்கெனவே அதட்டலில் வாழ்கிறவளை நல்லதற்காகவும் அதட்டக் கூடாது. சில வாரங்கள் கழித்து, ஒரு ஃபர்ஸ்ட் ஷிப்ட் காலையில் வந்து, "எழுதுங்கம்மா" என்றாள்.

சரண்டர்

இச்சட்டத்துக்கென அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் வந்து, அவள் சொன்னதைக் கேட்டு அறிக்கை எழுதினார். செய்தி கணவருக்கு எட்டுமுன் அவளையும் பிள்ளைகளையும் அவள் அக்காள் வீட்டில் தங்கச் செய்தோம். எட்டியதும் அவர் நேரே மையத்துக்கே வந்துவிட்டார். அலுவலர் அம்மையாரும் அப்போது உடனிருந்தார்.

"நெத்தி நெறைய விபூதி பூசிகினு குடும்பத்தப் பிரிக்கிறீங்களே, நல்லா இருக்காம்மா இது?" என்றார் என்னைப் பார்த்து. "குவாட்டர்ஸ் என் பேர்ல குடுத்தது. சரண்டர் ஃபார்ம் குடுத்துட்டன். இனிமே அவ எந்த வூட்டுக்கு வர்றான்னு பாக்கறன்."

சிறு வயது முதல் பதிகங்களில் 'சரண்' என்ற சொல்லை ஓதி வளர்ந்தவள் நான். என்னால் வாய் மூடியிருக்க இயலவில்லை.

"சரண்னா நம்மளையே குடுக்கறது தம்பி. நீங்க குடுக்கறது அவங்க தலைக்கு மேல இருக்கற கூரைய."

அலுவலர் குறுக்கிட்டார். "அம்மா, தேவாரத்த அப்பறம் பாத்துக்கலாம். ஃபார்ம் போயிடுச்சாமே, மொதல்ல வக்கீலுக்குப் போனப் போடுங்க!"

அவர் சொன்னதே சரி. சொற்பொருள் விளக்கம் ஒரு வீட்டையும் காப்பாற்றாது. அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டால் குவார்ட்டர்ஸ் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை பாதி ஆண்டில் பள்ளியை விடவேண்டிவரும். சட்ட உதவி வழக்கறிஞர் தாமதிக்காமல் இடைக்கால உத்தரவு கேட்டு மனுச் செய்தார்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் மனுவைப் படித்துவிட்டு அவளையே கேட்டார்: "எந்த வீட்டுல இருக்கணும்னு கேக்கறீங்கம்மா?"

"அவரு குவா..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். என்னையும் பார்க்கவில்லை, வழக்கறிஞரையும் பார்க்கவில்லை.

"எங்க வூட்டுலங்க ஐயா."

வீட்டை ஒப்படைக்கத் தடை, அடிக்கத் தடை, விசாரணை முடியும்வரை அவர் வெளியே தங்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. அதன் நகலை வழக்கறிஞரே வீடு ஒதுக்கும் அலுவலகத்தில் சேர்த்தார். சரண்டர் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டது. சொன்னபடியே அவர் பேச்சிலர் ஹாஸ்டலுக்குப் போனார், தனியாக.

எல்லா வழக்கும் இப்படி முடிந்ததில்லை. திரும்பி வராமலே போன பெண்களின் முகங்களும் வழிபாட்டின்போது நினைவுக்கு வரும். ஆயினும் இப்பணியில் நான் கற்றது ஒன்று: உரிமையை எடுத்துச் சொல்வது பணியின் பாதிதான், அது தன்னுடையது என்று அவள் தன் வாயால் சொல்லும்வரை பொறுமையாக உடனிருப்பது மறுபாதி.

அந்தக் கோடையில் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. மகள் பரீட்சையில் தேறிவிட்டாள், ஊரிலிருந்து பலாப்பழம் வந்திருக்கிறது, வரவேண்டும் என்றாள். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்: "வர்றேன்மா. என்ன ஷிப்ட் இப்போ?"

மறுமுனையில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "எந்த ஷிப்டா இருந்தா என்னம்மா? எப்ப வேணா வாங்க."

இதை வாசிக்கும் அனைவரும், கதவு தட்டும் ஓசைக்கு நெஞ்சு பதறாத வீட்டில் நீடு வாழ்க. அத்தகைய வீடு இன்னும் வாய்க்காதவர்க்கு அது விரைவில் வாய்க்கப் பெருமான் அருள்க.