பூட்டுப் போட்ட வாழை

நான் நாள்காட்டிக்குப் பிழை திருத்துகிறவன். ராகு காலம், எமகண்டம், பிரதோஷம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். அதனாலோ என்னவோ, எந்தச் சம்பவமும் எனக்குக் கிழமையோடுதான் நினைவுக்கு வரும். இது 2008 ஆயுதபூஜையன்று தொடங்கியது. புரட்டாசி மாதம், புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்பதால் முதலாளி அவசரத்தில் இருந்தார்.

எங்கள் அச்சகம் திருத்தங்கல்லில் இருந்தது. பூஜையன்று மெஷினின் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டுவது வழக்கம். முந்தின வருஷம் கட்டிய வாழை அன்று சாயங்காலமே வாடித் தொங்கியது. மறுநாள் காலையில் ஒரு ஜவுளிக்கடை தன் காலண்டர் ஆர்டரை ரத்து செய்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஊழியர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சம்பந்தம் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

எனவே 2008இல் முதலாளி வாழையை வெட்ட விடவில்லை. ஆமத்தூர்ப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து நான்கு மரங்களைக் கிழங்கோடு பெயர்த்து, நான்கு நீல டிரம்களில் மண்ணும் தண்ணீருமாக நட்டு, மெஷின் ரூமுக்குள் இறக்கினார். அவை வாடவில்லை. மூன்றாம் நாளே குருத்து விட்டன. முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "சீசன் முடியுற வரைக்கும் இது இங்கனதான் நிக்கணும்" என்றார்.

பிறகு இரண்டு தொல்லைகள் ஒன்றாக வந்தன.

முதல் தொல்லை, காலண்டர் படத்து லட்சுமியின் உதடு. எங்களுடையது ஒரே வண்ணம் ஓட்டும் பழைய மெஷின். ஒரு தாள் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு தடவை உள்ளே போய் வர வேண்டும். மஞ்சள் விழுந்த இடத்தின் மேலேயே சிவப்பும் விழ வேண்டும். இடையில் தாள் மயிரிழை நீண்டாலும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது. அப்படித்தான் ஆயிற்று. லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தை நோக்கிக் கிளம்பிவிட்டது. வெற்றிலை போடத் தெரியாத குழந்தை போல மகாலட்சுமி நாணயம் சொரிந்துகொண்டிருந்தாள்.

பழி மெஷின்மேன் மேல் விழுந்தது. இருபது வருஷமாக அந்த மெஷினை ஓட்டியவர். வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

"பேப்பர் ஈரம் குடிக்குது மொதலாளி. அதான் நீளுது" என்றார்.

"ஈரமா? வெளிய வெயிலு மண்டையப் பொளக்குது. மழ எங்கலே பெய்யுது, ஒங்க வீட்டுக்குள்ளயா?"

மெஷின்மேன் தன் கண்ணையே சந்தேகப்பட்டார். விருதுநகருக்குப் பஸ் ஏறிப்போய் மூக்குக்கண்ணாடி வாங்கி வந்தார். கண்ணாடி வழியாக உதடு இன்னும் தெளிவாகக் கன்னத்தில் தெரிந்தது.

இரண்டாவது தொல்லை, டிரம்மில் தண்ணீர் குறைந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் லாரியில் வருவது. சாயங்காலம் நிரப்பினால் மறுநாள் சாயங்காலத்துக்குள் ஒரு சாண் இறங்கிவிடும். டிரம்மில் ஓட்டை இல்லை. தரையில் ஈரமும் இல்லை. முதலாளி வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"தண்ணிய என்னய்யா செய்யுதீரு?"

"நான் என்ன மொதலாளி செய்யப்போறேன்?"

"குடிக்கீரா, குளிக்கீரா?"

"என்னையப் பாத்தா குளிச்சவன் மாதிரியா தெரியுது?"

அது நல்ல வாதம்தான். ஆனாலும் முதலாளி மனம் ஆறவில்லை. டிரம் மூடிகளை இரண்டாக அறுத்து, நடுவில் வாழைத்தண்டுக்கு வழி விட்டு, கொண்டி வைத்துப் பூட்டுப் போட்டார். நான்கு வாழைக்கு நான்கு பூட்டு. சாவிக்கொத்து அவர் இடுப்பில். உள்ளே தண்ணீர் மட்டத்துக்குச் சிவப்பு மையால் கோடும் போட்டு வைத்தார். மறுநாள் பூட்டு பூட்டியபடி இருந்தது. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தது.

அந்த வருஷம் மின்வெட்டு கடுமை. ஜெனரேட்டர் மெஷினை மட்டும் இழுக்கும், ஏசியை இழுக்காது. காற்றில் தாள் பறக்கும் என்று கதவும் ஜன்னலும் எப்போதும் சாத்தியே இருக்கும். சாத்திய அறைக்குள் ஒரு மூலையில் தண்ணீர் காணாமல் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு மூலையில், எங்கிருந்து என்று தெரியாமல், ஈரம் வந்துகொண்டிருந்தது. நடுவில் உட்கார்ந்து நான் சந்திராஷ்டமத்தில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் தாவரவியல் நூல்கள் பலவற்றைப் படித்தவன் நான்.

ஐப்பசி பிறந்த பிறகு, ஒரு வியாழக்கிழமை, முதலாளி முடிவைச் சொன்னார். "திங்கக்கெழம விஸ்வநத்தத்துலேருந்து வேற ஆளு வாரான். லட்சுமிக்கு வாயி வாயில இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

மெஷின்மேன் என் மேஜை அருகே வந்து நின்றார். "அண்ணே, இந்த வயசுக்கு மேல எவன்ணே என்னைய மெஷின்ல நிக்க விடுவான்?"

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை முதலாளியின் மனைவி மெஷின் ரூமுக்குச் சூடம் காட்ட வந்தார். அச்சான தாள்கள் ஒட்டாமல் இருக்க மெஷின் தூவும் வெள்ளைப் பவுடர் வாழை இலையெல்லாம் படிந்திருந்தது. "பச்சப்புள்ள மேல இப்பிடி மாவக் கொட்டி வச்சிருக்கீகளே" என்றார். உடனே, காலண்டர் கட்டும் பெரிய பாலித்தீன் பைகளை எடுத்து ஒவ்வொரு இலைக்கும் மாட்டி, காம்போடு இறுக்கிக் கட்டினோம்.

சனிக்கிழமை புது லோடு தாளுக்கு மஞ்சள் ஓடியது. ஞாயிறும் வேலை, சீசன். காலையில் சிவப்பு ஏற்றினார்கள். முதல் தாளை எடுத்த மெஷின்மேன் லென்ஸ் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, என் கண்ண நான் நம்பல. நீங்க சொல்லுங்க. வாய் எங்க இருக்கு?"

"வாயில்தான் இருக்கிறது" என்றேன்.

அப்போது முதலாளி உள்ளே வந்தார். அவர் தாளைப் பார்க்கவில்லை. வாழையைப் பார்த்தார். ஒவ்வொரு பைக்குள்ளும் தண்ணீர் தேங்கி, இலைகள் பாரம் தாங்காமல் தலைகுனிந்து நின்றன. அவர் ஒரு பையின் கட்டை அவிழ்த்தார். தண்ணீர் கொட்டிச் சட்டை நனைந்தது.

"ஆம்புட்டுருச்சு! என் தண்ணி!" என்று கத்தினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படித்திருந்ததைச் சொன்னேன். வேர் குடிக்கிறது, மண்ணின் சத்தும் அதில் கரைந்து வருகிறது. தண்டுக்குள் முடியைவிட மெல்லிய குழாய்கள் வழியாக அது இலைக்கு ஏறுகிறது. இலையில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் திறந்து தண்ணீரை ஆவியாக வெளியே விடுகின்றன. மேலே போகிற தண்ணீர்தான் கீழே இருப்பதை இழுக்கிறது. குடித்ததில் மிகக் கொஞ்சத்தைத்தான் மரம் தனக்கு வைத்துக்கொள்கிறது.

"பம்புசெட்டு இல்லாமலா?"

"ஆமாம்."

"கரண்டு?"

"வேண்டாம்."

முதலாளி ஜெனரேட்டர் இருந்த பக்கம் கேவலமாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெஷின்மேனிடம் திரும்பினார். "அப்போ லாரித் தண்ணிய இது குடிச்சு, பேப்பருக்கு ஊட்டி விட்டுருக்கு. நீ இல்லலே."

"நான் இல்ல மொதலாளி" என்றார் மெஷின்மேன்.

இப்போது மரங்களை வெளியே வைத்துவிட வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். குருத்து விட்ட வாழையை சீசன் நடுவில் வெளியேற்றுவதா? முடியாது என்றுவிட்டார் முதலாளி. திங்கட்கிழமை விஸ்வநத்தத்து ஆள் சொன்னபடி வந்து நின்றார். வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் நல்லதல்ல. ஆகவே, பைத் தண்ணீரை இறக்கி டிரம்மில் ஊற்றும் வேலை அவருக்குத் தரப்பட்டது. பூட்டைத் திறக்க முதலாளியே கூட வந்தார்.

மத்தியானம்வரை புது ஆள் பொறுத்தார். "நான் ஆப்செட்டு ஓட்ட வந்தனா, வாழைக்கு ஒண்ணுக்குப் புடிக்க வந்தனா?" என்று பையை வீசிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. முதலாளியின் மனைவிக்கு இந்தப் பேச்சு காதில் விழுந்தது. பூஜை நடந்த இடத்தில் அப்படி ஒரு வார்த்தை வந்த பிறகு வாழை அங்கே நிற்கலாகாது என்று அவர் சொல்ல, சாயங்காலமே நான்கு டிரம்களும் முற்றத்துக்குப் போயின. பூட்டோடுதான் போயின. பிறகு பெய்த ஐப்பசி மழையிலும் பூட்டோடு நின்றன.

மறு வருஷம் ஆயுதபூஜைக்கு மெஷின்மேனே வாழை வாங்கி வந்தார். கிழங்கில்லாமல் சுத்தமாக வெட்டிய மரங்கள். சாயங்காலம் மெஷின் ரூமுக்குள் எட்டிப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு இலையையும் விரலால் தூக்கி, தொங்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வாடிருச்சுண்ணே" என்றார், நிம்மதியாக.