கிழிக்காத கட்டு

கல்கத்தா சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் நான் பதிவறைக் காப்பாளனாக இருந்தேன். தலைமை குமாஸ்தாவும் தமிழர்தான். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர். ஆனால் ஆபீசில் இங்கிலீஷ் தவிர வேறு பேச மாட்டார். தமிழெல்லாம் வீட்டில்தான்.

வருஷாவருஷம் மழைக்கு முன் பழைய காகிதங்களைக் கழிப்போம். எவற்றைக் கிழிக்கலாம் என்று துரை கையெழுத்திட்ட பட்டியல் வரும். பட்டியலில் இல்லாத ஒரு தாளைக் கிழித்தாலும், வெளியே கொண்டுபோனாலும் சட்டப்படி குற்றம். அதற்குக் காப்பாளன்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் தலைமை குமாஸ்தா பதிவறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பேசினார்.  ஒரு விசாரணைக் கட்டைக் கழிவுக் குவியலில் சேர்த்துவிடச் சொன்னார். கடிகாரம் திருடியதாகச் சொல்லி வேலையிலிருந்து நீக்கிய டவாலிச் சேவகனுடைய கட்டு அது. கடிகாரம் தன் வீட்டிலேயே கிடைத்துவிட்டதென்று, மாற்றலாகிப் போன பழைய துரை எழுதிய சீட்டு அதற்குள் இருந்தது. அதை அமுக்கிவிட்டுச் சேவகன் இடத்தில் தன் ஆளை வைத்திருந்தார் இவர். அந்தச் சேவகன் மேலதிகாரிகளுக்கு மனுப் போட்டிருந்தான். ஊருக்கு வெளியே பெஹாலாவிலிருந்து தினமும் நடந்து வந்து வாசலில் நிற்பான்.

"எழுத்திலே குடுங்கோ, கிழிச்சுடறேன்" என்றேன்.

"வேலை வாங்கிக் குடுத்தவன் கேக்கறேன். எழுத்து எதுக்கு?"

அடுத்தவன் சோற்றில் மண்ணைப் போட்டுத்தான் நன்றி காட்ட வேண்டுமென்றால் அந்த நன்றி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். 

மனு விசாரணை நாளன்று புதுத் துரை கட்டைக் கேட்டார். செல்லரித்துப் போய்விட்டது என்று தலைமை குமாஸ்தா கூசாமல் சொன்னார். வெள்ளைக்காரன் எதிரில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை. நான் பதிவறைக்குப் போய்க் கட்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தேன்.

துரை சீட்டைப் படித்தார். சேவகனுக்கு அன்றே வேலை திரும்பக் கிடைத்தது. தான் இருக்கும்வரை எனக்குப் பிரமோஷன் கிடையாது என்று தலைமை குமாஸ்தா வராந்தாவில் பல்லைக் கடித்தார். சொன்னபடியே செய்தும் காட்டினார். செய்யட்டும்.

சேவகன் ஓடிவந்து என் காலில் விழப்போனான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தி, எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காள மொழியில் சொன்னேன்: இது நான் போட்ட பிச்சை இல்லை, உன் காகிதம்.