விற்க மனசில்லாதவரிடம் வாங்கிய வண்டி

மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு எங்கள் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் சத்தமே இல்லாமல் போய்விட்டது. கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. நான், தெர்மல் என்று இங்கே எல்லாரும் சொல்லும் அனல் மின் நிலையத்தில், தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன். இருவரும் சேர்ந்து வீட்டில் இருக்கும் நாட்களில் ஃபேன் சுற்றுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், எனக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

"பழசுன்னா எவ்வளவு பழசு?"

"நான் பொறந்தப்ப ரோட்டுல ஓடினது."

"யார் ஓட்டப் போறது?"

"நான்தான்."

கல்யாணத்துக்கு முன்பே கியர் வண்டி ஓட்டப் பழகியவள் நான் என்பது அவருக்குத் தெரியும். அதனால் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு பொருள் பிடித்துவிட்டால் என் முகம் காட்டிக் கொடுத்துவிடும். புடவைக் கடையில் நான் ஒரு புடவையைத் தொட்டதுமே கடைக்காரர் மற்றதையெல்லாம் மடித்து வைத்துவிடுவார். எனவே, வண்டி பார்க்கப் போகிற இடத்தில் அவர் "மாத்திரை போட்டியா?" என்று கேட்டால் நான் அதற்குமேல் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு எந்த மாத்திரையும் கிடையாது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

முதல் வண்டி குள்ளஞ்சாவடியில் இருந்தது. விற்பவர் கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர். செக்கச்செவேல் என்று பெயின்ட் அடித்து, சைலன்சரில் முகம் பார்க்கலாம் போல் துடைத்து நிறுத்தியிருந்தார். "எவ்வளவு அழகா இருக்கு" என்று சொல்லியே விட்டேன். கணவர் செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து எஞ்சினில் கை வைத்துப் பார்த்தார்.

"வண்டிய கடைசியா எப்ப எடுத்தீங்க?"

"ஒரு மாசமா தொடவே இல்லிங்க சார். சும்மா நின்னுகினு இருக்குது. இப்ப பாருங்க, ஒரே உதையில ஸ்டார்ட் ஆவும்."

கணவர் என் பக்கம் திரும்பினார். "மாத்திரை போட்டியா?"

"என்னா மேடம், சுகரா?" என்று அந்த இளைஞர் அக்கறையாக விசாரித்தார்.

திரும்பி வரும்போதுதான் கணவர் சொன்னார். எஞ்சின் சுட்டதாம். நாங்கள் வருவதற்குச் சற்று முன்புவரை ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். பழைய வண்டியின் உண்மையான உடல்நிலை, ஆறிக் கிடக்கும்போது உதைத்தால்தான் தெரியும் என்றார். கைப்பிடிக்குக் கீழே கழுத்துப் பகுதியில் மட்டும் பெயின்ட் தடிப்பாக இருந்ததையும் பார்த்திருக்கிறார். எங்கோ மோதி உடைந்து, உள்ளே வெல்டிங் வைத்திருக்கலாம். நான் சிவப்பை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அடுத்து முத்தாண்டிக்குப்பம். இந்த முறை ஒரு சாக்பீஸ் எடுத்துப்போனேன். சட்டத்தில் வெட்டியிருந்த சேசிஸ் எண்ணின் மேல் தேய்த்தால் மங்கிய எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரியும். தேய்த்துவிட்டு ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. விற்பவர் கொஞ்சம்கூடச் சங்கடப்படவில்லை.

"ரெண்டு வண்டிய ஒண்ணா சேத்ததுங்க அது. ரெண்டு வண்டி பலமும் இருக்கும்."

ஸ்கூட்டரில் வீடு வரும் வரை நாங்கள் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு வண்டி பார்க்கலாம் போல இருந்தது.

மூன்றாவது, திருவதிகை. பலாப்பழ வியாபாரம் செய்கிற ஒருவரின் வீடு. போனில் எங்களிடம் பேசியவர் அவருடைய மனைவி. வீட்டோரக் கொட்டகையில், சாக்கு போர்த்தி, வண்டி நின்றது. அறுபதை நெருங்கிய வியாபாரி அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. சாக்கை அவர் மனைவிதான் விலக்கினார். அந்த அம்மாள் தையல் தொழில் செய்கிறவர். இன்னும் இரண்டு மெஷின் வாங்கியாகிவிட்டது, போடக் கொட்டகையைக் காலிசெய்தாக வேண்டும்.

அடர்ந்த நீலம். அங்கங்கே மங்கியிருந்தது. பெயின்ட் அடிக்கிற வேலையெல்லாம் யாரும் செய்யவில்லை. எஞ்சினைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"மழை நாள்ல ஸ்டார்ட் ஆவாதுங்க" என்றார் வியாபாரி, நாங்கள் எதுவும் கேட்காமலே.

"அதெல்லாம் ஆவும்" என்றார் மனைவி.

"கியர் பாக்ஸ்ல எண்ணெ ஒழுகிகினே இருக்கும்."

"ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு. அத போயி பெருசா சொல்றாரு."

"மூணாவது கியர் சமயத்துல வுழாது. தூரமா போனா பிளக்குல கரி புடிச்சி நின்னுடும். பின் பிரேக்கு சுமார்தான். டவுன்ஷிப்புல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராதுங்க. நல்ல ஸ்கூட்டரா பாருங்க."

அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏங்க, வித்துத் தரேன்னு சொன்னீங்களா, இல்ல வர்றவங்கள தொரத்தி வுடறேன்னு சொன்னீங்களா?"

வியாபாரி டேங்கின் மேல் இருந்த தூசியைத் துண்டால் துடைத்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. குள்ளஞ்சாவடியில் குறையை மறைத்தவர் விற்கத் துடித்தவர். இவரோ வண்டியை விட மனசில்லாமல், இருக்கிற குறை அத்தனையையும் தானாகவே கொட்டுகிறார். இதைவிட நம்பிக்கையான விற்பனையாளர் எங்கே கிடைப்பார்? செல்போன் வெளிச்சத்தில் டேங்குக்குள் பார்த்தேன். துரு இல்லை. எண்ணும் பொருந்தியது.

"நான் ஒரு தடவை உதைச்சுப் பார்க்கலாமாண்ணே?"

முதல்முறையாக அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா ஓட்டப்போறீங்க?" என்றார். பிறகு ஸ்டூலை விட்டு எழுந்தார். அந்த வண்டியில் கியர் போடும் கம்பியும் கிக்கரும் ஒன்றுதான். அதை உள்பக்கமாக அழுத்தி மேலே திருப்ப வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். முதல் உதையில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்ததில் ஒரு இருமல். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி உதைத்தேன். கொட்டகை முழுக்க நீலப் புகையோடு வண்டி படபடவென்று பிடித்துக்கொண்டது.

கணவர் நிபந்தனையை அறவே மறந்துவிட்டார். "ஆஹா" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

விலை பேசுவதில் எங்களுக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. அந்த அம்மாளே நடுவில் நின்று முடித்துவைத்தார். ஆர்.சி. பெயர் மாற்றமெல்லாம் முடிந்து, நல்ல வெயில் நாளாகப் பார்த்து வண்டியை எடுத்து வந்தேன். கணவர் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். பண்ருட்டியைத் தாண்டி முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போகும்போது வண்டி இரண்டு முறை விக்கி, நின்றுவிட்டது. எனக்குக் கொஞ்சம்கூடப் பதற்றம் வரவில்லை. வியாபாரிதான் சொல்லியிருந்தாரே. பிளக்கைக் கழற்றி, கரியைத் துடைத்து, மறுபடி மாட்டி உதைத்தேன். கிளம்பிவிட்டது. என்னைப் பயமுறுத்த அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. கறுத்த விரல்களோடு டவுன்ஷிப்புக்குள் நுழைந்து எங்கள் பிளாக்கில் திரும்பியபோது, வாசலுக்கு வராத வீடே இல்லை. எதிர்வீட்டுக்காரர் புகையைப் பார்த்து, "என்ன மேடம், தெர்மலையே வீட்டுக்குக் கொண்டு வந்துட்டீங்க" என்றார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வியாபாரி ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு கிளட்ச் கேபிளும் இருந்தது. கொடுக்க மறந்துபோச்சுங்க என்றார். கேபிளை மாட்டிய பிறகும் போகாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்களேன்" என்று சாவியை நீட்டினேன். எங்கள் டவுன்ஷிப்பின் அகலமான நிழல் சாலைகளில் அந்த ஒரு ரவுண்டுக்கு வெகுநேரம் பிடித்தது. திரும்பி வந்தவரின் முகம், புடவைக் கடையில் என் முகம் இருப்பது போல இருந்தது.

இப்போதெல்லாம் மாதத்தில் ஒரு ஞாயிறாவது வந்துவிடுகிறார். கணவரும் அவரும் காலையிலேயே கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். மூன்றாவது கியர் சரியாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குத் தவறாமல் ஒரு போன் வரும்.

"எங்க வூட்டுக்காரரு அங்கதான இருக்காரு?"

"ஆமாங்க. குழம்பு ஊத்திக்கினு இருக்கார்" என்பேன். வியாபாரியோடு பேசிப் பேசி எனக்கும் அந்த 'கினு' ஒட்டிக்கொண்டது.

"இருக்கட்டும், இருக்கட்டும். எனக்கு நாளைக்குக் குடுக்கவேண்டிய துணி நெறைய கெடக்குது. சாயந்திரமா அனுப்பி வைங்க."